ஒரு மன்னிப்புக் கடிதத்தை வாசித்தல்

2017 டிசம்பர் 28-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டது. ஐஃபோன் பேட்டரிகளைப் பற்றியும் போனின் வேகத்தைப் பற்றியும் எழுதப்பட்ட கடிதம். பழைய போன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்துவிட்டு அதைச் சொல்லாமல் இருந்ததற்கு ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு கதையை, கவிதையை வாசிக்கும் அதே கவனத்தோடு இந்தக் கடிதத்தையும் வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று கோடிக்கணக்கானவர்களின் அன்றாடத்தைத் தொடும் உரைநடையை நாவலாசிரியர்கள் எழுதவில்லை, கம்பெனிகள்தான் எழுதுகின்றன. அந்த உரைநடைக்கு விமர்சகர்கள்தான் இல்லை.

பேரிகைப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்க இன்னொரு காரணமும் உண்டு. சூளகிரி வட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் இது. வடக்கே மாலூரைத் தாண்டிப் போனால் நரசாபுரா. அங்கே ஐஃபோன் பூட்டிய விஸ்ட்ரான் தொழிற்சாலை 2023-ல் டாடாவின் கைக்கு வந்தது. தென்மேற்கே ஓசூரைத் தாண்டினால் ஐஃபோனுக்குப் புறக்கூடு செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ். இந்தியாவில் முதன்முதலாக ஐஃபோன் பூட்டப்பட்டது 2017-ல், பெங்களூரில். அந்த மாதிரியின் பெயர் எஸ்இ. வேகம் குறைக்கப்பட்ட மாதிரிகள் என்று ஆப்பிளே சொன்ன பட்டியலில் 6, 6எஸ் இரண்டோடும் எஸ்இ சேர்ந்திருக்கிறது. ஆக, இது எங்கோ கலிஃபோர்னியாவில் நடந்த சங்கதி என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். லித்தியம் அயனி பேட்டரி வயதாக ஆக அதன் உள்தடை கூடுகிறது. மொத்தமாகக் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும், ஆனால் ஒரே நொடியில் அள்ளிக்கொடுக்க முடியாது. பேரிகை, பாகலூர்ப் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லோ வோல்டேஜில் மோட்டாரைப் போட்டால் வீட்டு பல்பு மங்கும், மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும். போனிலும் அதேதான். கேமராவைத் திறக்கும்போது, கனமான செயலியை ஓட்டும்போது பிராசஸர் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கிறது, கிழட்டுப் பேட்டரியால் முடிவதில்லை, போன் பட்டென்று அணைகிறது. திரையில் 30, 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணையும். 2016-ல் 6, 6எஸ் வைத்திருந்த பலர் இதைத்தான் புகாராகச் சொன்னார்கள்.

ஆப்பிள் கண்டுபிடித்த வழி எளியது. பேட்டரி தளர்ந்திருந்தால் பிராசஸர் அந்த அளவுக்கு மின்சாரம் கேட்காதபடி அதன் உச்ச வேகத்தை மட்டுப்படுத்துவது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 இதைச் செய்தது. டிசம்பரில் வந்த 11.2 இதை ஐஃபோன் 7-க்கும் நீட்டித்தது. பொறியியலாகப் பார்த்தால் இதில் பெரிய குற்றம் இல்லை. நடுரோட்டில் அணைந்துபோகிற போனைவிட மெதுவாக ஓடுகிற போன் மேல், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியவனுக்கு நிச்சயமாக மேல்.

இந்த இடத்தில் ஓசூர்க்காரர்கள் ஒரு கைக்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளலாம். டைட்டன் 1987-ல் இங்கே ஆலை தொடங்கியதிலிருந்து இது கடிகார ஊரும்தான். குவார்ட்ஸ் கடிகாரங்களில் பல வகைகளில் ஓர் ஏற்பாடு உண்டு. பேட்டரி தீரப்போகிற நேரத்தில் நொடிமுள் நொடிக்கு நொடி நகர்வதை விட்டுவிட்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை தாவித் தாவிப் போகும். நேரம் தப்பாது. ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்: பேட்டரி மாத்தணும். அங்கும் தளர்ந்த பேட்டரிக்காக இயந்திரம் தன் நடையை மாற்றிக்கொள்கிறது. ஒரே வித்தியாசம், கடிகாரத்தில் அந்த நடைமாற்றமே அறிவிப்பு. போனில் அது அறிவிப்பு இல்லாமல் வந்தது.

எப்படி வெளியே வந்தது? ஐஃபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர் பேட்டரியை மாற்றியதும் போனின் வேகம் எகிறியதை அளந்து பொதுவில் எழுதினார். கீக்பெஞ்ச் என்ற வேகமானியை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் இருந்த அளவீடுகளை வரைபடமாகப் போட்டு 2017 டிசம்பர் 18-இல் வெளியிட்டார். எல்லாப் போன்களும் ஒரே வேகத்தைச் சுற்றிக் குவிய வேண்டிய இடத்தில், 10.2.1-க்குப் பிறகு கீழே கீழே புதிய குவியல்கள் முளைத்திருந்தன. இரண்டு நாள் கழித்து ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மின்சாரம் திடீரென்று உச்சிக்குப் போவதைச் சமப்படுத்துகிறோம் என்று அந்த அறிக்கை சொன்னது. ‘சமப்படுத்துவது’ என்கிற வினையைக் கவனியுங்கள். மேடுபள்ளத்தை நிரவி நமக்கு நல்ல ரோடு போட்டுத் தருவது போலிருக்கிறது. ‘குறைப்பது’ என்ற வினை வரவே இல்லை.

இனி அந்த டிசம்பர் 28 கடிதம். தொடக்கத்திலேயே, ஆப்பிள் உங்களைக் கைவிட்டுவிட்டதாக உங்களில் சிலர் உணர்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்கிறது. அடுத்து, மன்னிப்புக் கேட்கிறோம் என்று சின்னதாக ஒரு வாக்கியம். அதற்கும் அடுத்து, இந்த விஷயத்தில் நிறையத் தவறான புரிதல் இருக்கிறது, அதனால் விளக்குகிறோம் என்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால் மன்னிப்பு எதற்கு என்பது கையில் சிக்காது. முதல் வாக்கியத்தில் நடந்தது உணர்வு, அது நடந்த இடம் வாடிக்கையாளரின் மனசு. மூன்றாவதில் இருக்கும் தவறும் புரிந்துகொண்டவனுடையதுதான். ‘நாங்கள் சொல்லாமல் செய்தோம்’ என்று எழுவாயும் பயனிலையுமாக ஒரு வாக்கியம் கடிதம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நம் ஊரில் மாமன் மச்சான் சண்டையில் ‘உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க’ என்று சொல்வார்கள் இல்லையா, அந்த ரகம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும், அது மன்னிப்பு இல்லை, பேச்சை முடித்துக்கொள்ளும் வழி.

பிறகு வருவது மறுப்பு. வாங்கவைப்பதற்காக எந்தப் பொருளின் ஆயுளையும் வேண்டுமென்றே குறைத்ததில்லை, குறைக்கவும் மாட்டோம் என்கிறது. இதை நான் நம்பத் தயாராகவே இருக்கிறேன். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி ‘ஏன் கெடுத்தாய்’ மட்டும் இல்லையே. ‘ஏன் சொல்லவில்லை’ என்பதும் கேள்விதான். பெரிய குற்றச்சாட்டை உரக்க மறுத்துவிட்டால் சின்னக் குற்றச்சாட்டு மறந்துபோகும். அரசியல் மேடைகளில் நாம் தினம் பார்க்கிற உத்தி.

கடிதத்தின் நடுப்பகுதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேட்டரி எப்படி வயதாகிறது, சூட்டில் என்ன ஆகிறது, போன் ஏன் அணைகிறது, வேகம் குறைந்தால் எந்தெந்த அறிகுறிகள் தெரியும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் செயலும் உண்டு: பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைகிறது, பேட்டரியின் நிலையைக் காட்டும் வசதி வரப்போகிறது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 வழியாக அது வரவும் செய்தது.

ஆனால் அந்த நல்ல நடுப்பகுதிதான் கடிதத்துக்கு எதிரான சாட்சி. இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள், சொல்ல விஷயமும் இருந்திருக்கிறது. அதே இரண்டு பத்தியை அந்த வருஷம் ஜனவரியில், 10.2.1-உடன் சேர்த்து அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அது தகவல். பிடிபட்ட பிறகு அனுப்பியதால் அது வாக்குமூலம். எழுத்து ஒன்றுதான், பதினோரு மாதம் அதன் பொருளை மாற்றிவிட்டது.

‘சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? யார் அதையெல்லாம் படிக்கிறாங்க?’ என்று ஒரு கேள்வி வரும். இதற்கான பதிலை ஆப்பிளின் இன்னொரு கடிதமே தருகிறது. 2019 ஜனவரி 2-ஆம் தேதி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதினார். வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று சொல்லி, சீனச் சந்தையின் தேக்கத்தை முதன்மையாகக் காட்டிவிட்டு, மற்றக் காரணங்களில் ஒன்றாக, கட்டணம் குறைந்ததால் பலர் பேட்டரியை மாற்றிக்கொண்டதையும் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்து, விலையும் கட்டுப்படியானபோது கொஞ்சம் பேராவது புதுப் போன் வாங்காமல் பழையதோடு இருந்துவிட்டார்கள். மறைக்கப்பட்ட தகவலுக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறு இல்லை. வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில் உணர்வு, முதலீட்டாளருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

நீதி கேட்டவர்களும் பெரும்பாலும் மௌனத்தைத்தான் பிடித்தார்கள். பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பு 2020 பிப்ரவரியில் விதித்த 250 லட்சம் யூரோ அபராதம், அப்டேட்டால் போன் மெதுவாகலாம் என்று தெரிவிக்காததற்காக. இத்தாலி 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 100 லட்சம், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ விதித்தது. அமெரிக்காவில் 2020-ல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 50 கோடி டாலர் வரை தருவதற்கு ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது.

நம் ஊரில் இந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், மூன்றாம் கைக்கு வந்த போனை வைத்திருப்பவர். சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை அக்காவின் பழைய போனை வாங்கிக்கொள்ளும். அது மெதுவாக ஓடினால் ‘பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, இ.எம்.ஐ.யில் புதுசு எடுக்கும். பேட்டரிச் செலவில் முடிகிற காரியம் மாதாமாதம் சம்பளத்தைக் கடிக்கும்.

இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ‘பேட்டரி மாத்துனா ஸ்பீடு வந்துரும்ணே’ என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? பேட்டரிக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம், காசு பிடுங்கப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள். உண்மையைச் சொன்ன சின்னக் கடைக்காரரைப் பொய்யராகக் காட்டியது பெரிய கம்பெனியின் மௌனம். இதற்கு எந்த அபராதமும் கணக்குப் பார்த்ததில்லை. 2019-ல் இன்னொரு திருப்பம் வந்தது. எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாதிரிகளில் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு வெளியே பேட்டரியை மாற்றினால், அது அசல் ஆப்பிள் பேட்டரியாகவே இருந்தாலும், பேட்டரி நிலை காட்டாமல் ‘சர்வீஸ்’ என்று எச்சரித்தது. மன்னிப்போடு பரிசாக வந்த அதே திரை, இப்போது தெருக்கடைக்கு எதிராகப் பேசியது.

வெளிப்படை என்பதிலேயே படிநிலைகள் இருக்கின்றன. 2025 ஜனவரியில் கூகுள் பிக்ஸல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் பேட்டரி தாங்கும் நேரம் குறையும் என்று முன்கூட்டியே சொன்னது, இழப்பீடும் அறிவித்தது. ஆனால் ஏன் என்பதை மழுப்பியது. நடப்பதைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாதது பாதி உண்மைதான்.

அதே மாதம் இந்தியாவிலும் ஒன்று நடந்தது. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு போன்கள் சரியாக ஓடவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்களை வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் குறைபாட்டின் வரையறையில் சேர்த்திருக்கிறது. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் எது ‘தேவையான தகவல்’ என்பதை யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் உயிர் இருக்கும். போன் மெதுவானதும் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவர் புகார் கொடுக்கப் போவதில்லை. மௌனம் புகாரையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர் பேரிகை. பேரிகை என்றால் முரசு, ஊருக்குச் செய்தி சொல்லும் வாத்தியம். அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், முரசறைந்து சொல்கிற அளவுக்குச் சின்னதாக இருந்திருக்க வேண்டும் என்பேன். மூன்று வாக்கியம், அப்டேட் வந்த அன்றைக்கே, போனின் திரையிலேயே, அவரவர் மொழியில்: உங்கள் பேட்டரி தளர்ந்துவிட்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்க அதன் வேகத்தை நாங்கள் குறைத்திருக்கிறோம். பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும்.

இதில் எழுவாய் இருக்கிறது, ‘குறைத்திருக்கிறோம்’ என்ற வினை இருக்கிறது, செய்ய வேண்டியதும் இருக்கிறது. மன்னிப்பு மட்டும்தான் இல்லை. அதற்குத் தேவை வந்திருக்காது.