பீறிட்டால் வெற்றியா?

அமெரிக்காவின் பழைய எண்ணெய்க் கிணற்றுப் படங்களின் உச்சக் காட்சியைப் பெரும்பாலும் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். தரை அதிரும். குழாய்கள் நடுங்கும். பிறகு கோபுர உச்சியையும் தாண்டி எண்ணெய் கறுப்பாகப் பீறிடும். கூட்டாளிகள் அதில் நனைந்து, கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. ‘ஓடுங்கடா’ என்று கத்தத் தோன்றும். பொறியியல் படித்த கோளாறு. துளைக்குள் நிரப்பும் சேற்றுக் கலவையின் எடைதான் கீழேயிருந்து வரும் அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. அந்த எடை போதாமல் போனால் எண்ணெயும் வாயுவும் மேலே பாயும். அங்கே ஒரு பொறி விழுந்தால் போதும், அத்தனை பேரும் சாம்பல். பாடத்தில் இதற்குப் பெயர் விபத்து. படத்தில் இதுதான் சுபம்.

இந்தப் படங்களின் நாயகன் ‘வைல்ட்கேட்டர்’. அதாவது, எண்ணெய் இருப்பது இன்னும் உறுதியாகாத இடத்தில் சொந்தத் துணிச்சலில் துளையிடுகிறவன். அமெரிக்கச் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் பொதுவாக நிலத்துக்காரருக்கே சொந்தம். அதனால் ஒரு விவசாயியிடம் குத்தகை எழுதி வாங்கி, நாலு பேரிடம் கடனும் வாங்கிவிட்டால் எவனும் இறங்கிப் பார்க்கலாம். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய் வளத்தைப் பெட்ரோனாஸ் கையில் கொடுத்துவிட்டது. அதற்கு முன்பும், 1910இல் மிரியில் தோண்டிய முதல் கிணறு ஷெல் நிறுவனத்தின் வேலைதான். தனியாள் கிணறு தோண்டும் கதை நமக்கு அந்நியம். ஆனால் வாரா வாரம் நாலு நம்பர் எடுக்கிற மாமா ஒருவர் வீட்டில் இருந்தால், இந்த நாயகனைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

1940களில் பாரமௌண்ட் நிறுவனத்துக்காக வில்லியம் பைன், வில்லியம் தாமஸ் என்ற இருவர் மலிவான சாகசப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். கையைச் சுட்டுக்கொள்ளாத தயாரிப்பாளர்கள் என்பதால் இவர்களுக்கு ‘டாலர் பில்ஸ்’ என்று பட்டப்பெயர். விமானம், நெடுஞ்சாலை, கட்டட இடிப்பு என்று ஆபத்தான தொழில்களாகப் பார்த்துப் பொறுக்கிப் படமாக்கினார்கள். ரிச்சர்ட் ஆர்லென் நடித்த ‘வைல்ட்கேட்’ (1942) அதில் எண்ணெய்க்கான பங்கு. வார்னர் தயாரித்த ‘ஃப்ளோயிங் கோல்ட்’ (1940) அதைவிட வசதியான படம். ஜான் கார்ஃபீல்ட் அதில் போலீசுக்குப் பயந்து எண்ணெய் வயலில் ஒளிந்து வேலை செய்கிறவர்.

சும்மா சொல்லக்கூடாது, இவற்றில் எனக்குப் பிடித்த விஷயங்களும் உண்டு. உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சேறு, கிரீஸ், குழாய் எல்லாம் கதையோடு சேர்ந்தே வருகின்றன. பணக்கஷ்டமும் பொய்யில்லை. ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் காசு கரைகிறது, கெடு நெருங்குகிறது. காதல் காட்சிகளைவிட இந்தக் கணக்குதான் என்னை உட்கார வைக்கிறது.

பிறகு ஏன் அந்த முடிவு? டெக்சஸின் ஸ்பிண்டில்டாப்பில் 1901 ஜனவரி 10ஆம் தேதி பீறிட்ட எண்ணெயை அடக்க ஒன்பது நாள் ஆனது. 1922லேயே ஆபர்கிராம்பி, கேமரன் என்ற இருவர் கிணற்றின் வாயை இறுக்கி மூடும் கருவியை உருவாக்கிவிட்டார்கள். ஆகவே 1940இல் எண்ணெய் பீறிடுவது பெருமைக்குரிய விஷயமே இல்லை. ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் கிணற்றில் படம்பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு வால்வு, ஓர் அளவுமானி. அவ்வளவுதான். ஜெயித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக சினிமா விபத்தைக் கடன் வாங்கிக்கொண்டது.

இதை உணர்ந்த படம் என்று நான் நினைப்பது ஸ்டூவர்ட் ஹைஸ்லர் இயக்கிய ‘டல்சா’ (1949). ஈகிள்-லயன் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட வண்ணப்படம். மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் இது தொடங்குகிறது. கிணறு வெடித்துக் கோபுரச் சிதறல் விழுந்து நாயகியின் அப்பா சாகிறார். நியாயம் கேட்டுப் போன மகள் (சூசன் ஹேவார்ட்) கடைசியில் தானே எண்ணெய் முதலாளி ஆகிறாள். பூர்வகுடிப் பண்ணைக்காரன் ஜிம் ரெட்பேர்ட், தன் நிலத்தில் இனிமேலும் துளையிட வேண்டாம் என்கிறான். சிநேகிதியே எதிரணியோடு சேர்ந்து, அவன் சுயமாக முடிவெடுக்கத் தகுதியற்றவன் என்று நீதிமன்றம் வரை போகிறாள். இது கதாசிரியரின் கற்பனை மட்டுமில்லை. ஓக்லஹோமாவில் பூர்வகுடிகளின் சொத்துக்கு வெள்ளைக்காரக் காப்பாளர்களை நியமித்து, அதன் வழியாகவே அவர்களைச் சுரண்டியது வரலாறு. எண்ணெய் கலந்த ஓடையில் நீர் குடித்து மாடுகள் செத்துக் கிடக்கின்றன. ஜிம் அந்த ஓடையில் தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறான். வயலே பற்றி எரிகிறது. எதைக் காட்டி மற்ற படங்கள் கைத்தட்டல் வாங்கினவோ, அதையே இந்தப் படம் எரித்துக் காட்டுகிறது.

ஆனால் ‘டல்சா’வும் பாதி தூரம்தான் போகிறது. தீ அணைந்ததும் எல்லாரும் திருந்திவிடுகிறார்கள். ஏதோ பேராசை ஒருத்தியின் குணக்கேடு என்பதுபோல. அசல் கதை வேறு. கிழக்கு டெக்சஸில் 1930 அக்டோபரில் ‘டாட்’ ஜாய்னர் என்ற கிழவர் பெரிய வயலையே கண்டுபிடித்தார். ஒரே பங்கைப் பலருக்கு விற்றிருந்ததால் வழக்குகளில் சிக்கி, அடுத்த மாதமே ஹெச். எல். ஹன்ட்டிடம் குத்தகைகளை விற்றுவிட்டார். ஆளாளுக்குத் தோண்டியதில் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. 1931 ஆகஸ்டில் கிணறுகளை மூட ஆளுநர் படையை அனுப்ப வேண்டியிருந்தது. தனியாளின் துணிச்சல் ஒரு வயலையே நாசமாக்கும் இந்தக் கதையை அந்த மலிவுப் படங்கள் தொடவில்லை. அவை எடுத்துக்கொண்டது முதல் நாளை மட்டும்தான்.

அதற்காக இவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எண்ணெய் பீறிடும் காட்சி வந்ததும், சிரிக்கிற முகங்களை விட்டுவிட்டு அந்த எண்ணெய் யாருடைய நிலத்தில் வழிகிறது என்று மட்டும் பாருங்கள்.