கேஜில் இரண்டு வட்டம்

உடையார்பாளையத்துப் பஞ்சர் கடையில் “முப்பது வைங்க” என்றால் அது டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு காற்றழுத்தம்தான். 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டது. இன்னும் பவுண்டைப் பிடித்துத் தொங்குவது வெறும் பழக்கதோஷம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே காற்று பார் கணக்கில் 2.07, சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில் 2.11, கிலோபாஸ்கலில் 207. டயருக்கு வேண்டிய நுணுக்கத்தைத் தசமமில்லாத சின்ன எண்ணில் தருவது பவுண்டு ஒன்றுதான். கேஜின் முகப்பைப் பாருங்கள்: ஒரு வட்டத்தில் பவுண்டு, இன்னொன்றில் கிலோ. ஒரே முள் இரண்டையும் தொட்டு நிற்கிறது, 14.22-ஆல் யாரும் பெருக்க வேண்டியதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இரண்டு அளவு இருந்தால் சிமென்ட் லாரிக்காரர் குழம்பமாட்டாரா? அவர் டயருக்கு வைக்கும் எட்டு கிலோ என்பது 114 பவுண்டு. எட்டையும் நூற்றுப் பதினான்கையும் எவரும் மாற்றிக்கொள்ள மாட்டார். குழம்ப வாய்ப்புள்ளவை பாரும் கிலோவும்தான். அவற்றுக்குள் வித்தியாசம் இரண்டு சதவீதம். வெயிலில் ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் அதைவிட அதிகமாகவே ஏறிவிடும்.