கரட் பாத்திக்குக் காவல்

கரட் போடுகிறவரின் கைத்திறனை அறுவடையில் கிண்டியெடுக்கும் கிழங்கை வைத்து மதிப்பிடுவோர் உண்டு. எனக்கு அவர் ஆடி மாதத்தில் வேப்பமரத்தடியில் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும்.

காரைநகரில் கிணற்றடியை ஒட்டிய வளவுகளில் கரட் விதை மண்ணில் விழுவது மாரிமழை தணிகிற மார்கழியில். காவலோ ஆடியிலேயே தொடங்கிவிடுகிறது. உதிர்ந்த வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைப் பிதுக்கிக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கிறார்கள். கொட்டைக்கு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டுப் பத்து மாதம் கடந்தால் வீரியம் குறைந்துவிடும் என்பது விவசாயத் துறையினர் சொல்லும் கணக்கு. பாத்தியில் இலை விரிகிற தை மாதம் அந்த இடைவெளிக்குள் சரியாக வந்து விழுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் ஒரு போத்தல் வாங்கி அடித்தால் முடிந்ததே என்று கேட்கலாம். இது சுண்ணக்கற் பூமி. நல்ல தண்ணீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. பாத்தியில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. அந்தக் கிணற்றில்தான் குடிக்கவும் அள்ள வேண்டும். 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தினதும் பூச்சிமருந்தினதும் இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்துவிட்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. ஆயத்தம் இல்லாமல் மருந்தைக் கைவிடச் சொன்னால் என்ன நடக்கும் என்று நாடே பார்த்தது. வேம்புக் காவலுக்கு அரை வருட முன்யோசனை வேண்டும்.

கரட் முளைக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அதுவரை எதிரி எறும்புதான்; விதையை இழுத்துக்கொண்டு போய்விடும். பாத்தி ஓரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். ஈரம் பட்டால் சாம்பல் உதவாது, மறுபடி தூவ வேண்டும். முளைத்த பிறகு வருவது வெட்டுப்புழு. இரவில் வந்து நாற்றைத் தரையோடு சேர்த்து நறுக்கிவிட்டுப் பகலில் காணாமற் போகும். நான் பார்த்து ரசித்தது இதைப் பிடிக்கும் விதத்தை. ஓர் ஆச்சி விடியற்காலையில் குந்தியிருந்து, சாய்ந்து கிடந்த நாற்றின் அடியில் சுட்டுவிரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டு மண்ணை ஒருமுறை சுழற்றினார். சாம்பல் நிறத்தில் சுருண்ட புழு மேலே வந்தது. "வெட்டினவன் தூரப் போகமாட்டான் தம்பி, வயிறு நிறைஞ்சு இதிலைதான் படுத்திருப்பான்" என்றார். அதைப் பாத்திக்கு வெளியே எறிய, வேலியில் காத்திருந்த மைனா கொத்திக்கொண்டு போனது. விதைப்புக்கு முன் மண்ணைக் கொத்திப் புரட்டிச் சில நாள் வெயிலில் விடுவதும் இந்தப் பறவைகளை நம்பித்தான்.

அசுவுணியும் இலை தின்னும் புழுவும் தலைகாட்டும்போதுதான் ஆடிச் சாக்கை அவிழ்க்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு: இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, இலையில் ஒட்டச் சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு தெளிப்பார்கள். வெயிலில் வேம்பின் சத்து சிதைந்துவிடும். அடித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடுகிறவருக்கு இந்த வைத்தியம் சரிவராது. வேம்பு உடனே கொல்லாது. தின்னும் ஆசையைக் கெடுக்கும், புழு தோலுரித்து வளர்வதைக் குழப்பும். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு வேம்பை மட்டும் விட்டுப்போனதை ஷ்முட்டரர் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கவனித்தார். அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். கேம்பிரிட்ஜில் அதைச் செயற்கையாகச் செய்து முடித்தது 2007இல். 22 வருட வேலை. நம் முற்றத்து மரம் அதை வருடாவருடம் சும்மா உதிர்க்கிறது.

லண்டனில் குடியேறிய காரைநகர்ச் சனம் அங்கே கரட் போட்டால் எதிரி வேறு: கரட் ஈ. குளிர்நாட்டுப் பூச்சி, நம்மூரில் அதன் தொல்லை இல்லை. கரட் இலை நசுங்கும் வாசனைக்கு வந்து முட்டையிடும். புழு கிழங்கைக் குடையும். தாழப் பறக்கிற ஈ என்பதால் பாத்தியைச் சுற்றி இரண்டடிக்குக் குறையாமல் துணியோ வலையோ கட்டி மறிக்கிறார்கள். பக்கத்தில் வெங்காயம் நட்டால் ஈ வராது என்பதும் பழைய நம்பிக்கை. 1980களில் கேம்பிரிட்ஜில் சோதித்தபோது, வெங்காயம் இலைவிடும் பருவத்தில் மட்டுமே அது பலித்தது. கிழங்கு வைக்கத் தொடங்கியதும் பலன் நின்றுவிட்டது. ஆகவே வெங்காயக் காவலை நான் பெரிதாக மெச்சமாட்டேன். சம்பலுக்கு வெங்காயமாவது மிஞ்சும்.

வளவில் வேம்பு நிற்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வரும் ஆடியில் முற்றத்தைக் கூட்டும்போது கொட்டையைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். உங்களுக்குத் தோட்டம் இல்லாவிட்டால், கரட் போடும் அயலவர் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கொடுத்துவிடுங்கள்.