ஒத்திகை பார்க்காத நால்வர்

லாஸ்ட் எக்ஸிட் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நல்ல ஹெட்போன் வேண்டும், அல்லது வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகல் வேண்டும். 1986 பிப்ரவரியில் பாரிஸ் மேடையில் பதிவான இசை அது. மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிற கதையே அதில் இல்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நிற்கிறது. முதன்முதலில் கேட்டபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. முடிந்ததும் மறுபடி போட்டேன்.

சாக்சபோன் பீட்டர் ப்ரோட்ஸ்மான், கிட்டார் சன்னி ஷாராக், பாஸ் பில் லாஸ்வெல், டிரம்ஸ் ரொனால்ட் ஷானன் ஜாக்சன். ஆளுக்கொரு சகாப்தம். இந்த நால்வரும் ஒத்திகை பார்க்காமல், இன்னது வாசிக்கலாம் என்று பேசிவைத்துக்கொள்ளாமல் மேடை ஏறினார்கள். ஜாஸ்காரர்களுக்கு இது ராக், ராக் ரசிகர்களுக்கு வெறும் இரைச்சல். எனக்கோ, இவர்களைப்போல ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வாசித்த குழு இரண்டு பக்கத்திலும் இல்லை.

நம்பாதவர்கள் ஜாக்சனை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். ஆல்பர்ட் அய்லர், ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர் என்று ஃப்ரீ ஜாஸின் மூன்று பெரிய தலைகளோடும் வாசித்தவர். மற்ற மூவரும் வெடித்துச் சிதறும் நேரத்தில் இவர் ஒரு ராணுவ அணிவகுப்புத் தாளத்தைக் கீழே விரிப்பார். சட்டென்று அது ப்ளூஸ் நடையாகிவிடும். சில சமயம் வாயைத் திறந்து ப்ளூஸே பாடிவிடுவார். அந்த இடங்களில் எனக்குப் புல்லரிக்காமல் போனதில்லை.

ஷாராக்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுவிட்டு சாக்சபோன் வாசிக்க ஏங்கியவர் அவர். ஆஸ்துமா விடவில்லை. கையில் கிட்டார் வந்தது, மனசில் சாக்சபோனே இருந்தது. அதனால்தான் அவர் கிட்டார் மூச்சுவிடுகிறது, கத்துகிறது, குரல் உடைந்து அழுகிறது. மைல்ஸ் டேவிஸின் ‘ஜாக் ஜான்சன்’ ஆல்பத்தில், உறையில் பெயர்கூட இல்லாமல் வாசித்த மனிதர். பின்பு வாய்ப்புகள் வறண்டு, கார் ஓட்டிப் பிழைத்த காலமும் உண்டு. 1981இல் ‘மெமரி சர்வ்ஸ்’ ஆல்பத்துக்காக அவரைத் தேடி அழைத்துவந்தவர் லாஸ்வெல். ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ மூலம் 1983இல் உலகத்தையே ஆடவைத்தாரே, அதே லாஸ்வெல்தான். அவர் செய்த காரியங்களிலேயே பெரியது ஷாராக்கை மீட்டதுதான் என்பேன்.

ப்ரோட்ஸ்மான் வூப்பர்டால்காரர், ஓவியர். 1968இல் ‘மெஷின் கன்’ ஆல்பத்தைத் தானே வெளியிட்டபோது அச்சிட்டது 300 பிரதிகள். அவர் ஊதினால் பித்தளை உருகி ஓடுவதுபோல இருக்கும். அந்த வெப்பத்துக்கு நடுவிலும் ஷாராக் ஒரு சின்ன மெட்டை நீட்டினால் போதும், அந்த முரட்டு மனிதர் உடனே இறங்கிவந்து அதைத் தொட்டுக்கொள்வார். எழுதிவைத்த ஸ்வரம் ஒன்றும் இல்லாமல் இது எப்படி நடக்கிறது!

ஸ்டுடியோவில் செய்தது ஒரே ஆல்பம், 1988இல் வந்த ‘அயர்ன் பாத்’. மேடைப் பதிவுகளின் வெறி அதில் இல்லை என்று குறைபடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பாட்டுகள் சிறியவை, இருண்டவை. லாஸ்வெல்லின் பாஸ் எவ்வளவு ஆழத்திலிருந்து புறப்படுகிறது என்பது அதில்தான் தெளிவாகக் கேட்கும்.

1994 மே மாதம் ஷாராக் 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். குழுவும் அதோடு முடிந்தது. அவர் இடத்தில் இன்னொருவரை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் கையில் கொடுப்பது ‘த நாய்ஸ் ஆஃப் ட்ரபிள்’, 1986இல் டோக்கியோவில் பதிவானது. அகிரா சகாடா சாக்சபோனோடு வந்து சேர்ந்துகொள்கிறார். ‘ராக்கிட்’டின் அதே ஹான்காக் பியானோவில் உட்கார்கிறார். பாரிஸ் ஆல்பத்துக்கு அதன்பிறகு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்க உங்களுக்கு மனசு வராது.