வெள்ளீயப் பதக்கம்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது: இதுல எங்க ஊர் ஆளுங்க எங்கே?

கேள்வி நியாயமானதுதான். 1760 ஜனவரி 22 அன்று ஐர் கூட்டும் லாலியும் மோதிய வந்தவாசி எங்களுக்குப் பக்கத்து ஊர். அடுத்த ஆண்டே செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயரிடம் போனது. இரு தரப்புப் படைகளிலும் சிப்பாய்கள் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் தளபதிகளின் பெயர்கள் மட்டும்.

1795இல் கட்டி முடித்த கட்டடம், 1948 முதல் அருங்காட்சியகம். கவர்னர்களின் ஓவியங்கள், வாள்கள், சீருடைகள், பீங்கான் தட்டுகள், பதக்கங்கள். அருமையான சேகரிப்பு, மறுக்கவில்லை. ஆனால் இவை யாரிடம் இருந்த பொருட்கள்? ஓவியருக்குக் காசு கொடுக்க முடிந்தவர்களிடம் இருந்தவை. சிப்பாய்க்கு அது ஏது?

1799 ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்குக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. புலியை வீழ்த்தும் சிங்கம். எல்லோருக்கும் அதே படம். உலோகம்தான் வேறு. மேல்தட்டு அதிகாரிக்குத் தங்கம், அடுத்தடுத்து வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சிப்பாய்க்கு வெள்ளீயம்.

ரெஜிமென்ட் அருங்காட்சியகம் என்றால் அதைப் பராமரிக்க ரெஜிமென்ட் இருக்கவேண்டும். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர்களுக்குப் போர்க்குணம் போதாது என்ற முடிவுக்கு வந்தார். அந்தச் சிந்தனை வலுத்து ஆளெடுப்பு வடக்கே நகர்ந்தது. 1920களில் மெட்ராஸ் காலாட்படையே கலைக்கப்பட்டது; இரண்டாம் உலகப்போரின்போதுதான் மறுபடி எழுப்பினார்கள். சாப்பர் பிரிவு மட்டும் தொடர்ந்தது. படை கலைந்தால் அதன் நினைவைக் காப்பாற்றவும் ஆளில்லை. நம் மறதிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்கள் மெசபடோமியா வரை போனார்கள். அந்தப் போர்முனைக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் 'இன்னும் இத்தனை பேர்' என்ற எண். அதே ஆணையம் பிரான்சின் நவ் ஷப்பலில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை, மனசில்லை. இந்தப் பாகுபாட்டுக்கு ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

நாம் மட்டும் என்ன செய்துவிட்டோம்? தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்னும் ஒரு கல்பலகை உண்டு: இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிரைக் கொடுத்தவர் இத்தனை பேர். அதிலும் எண்தான். டேட்டாபேஸில் பெயருக்கு ஒரு பத்தியே வைக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு தேடினாலும் பெயர் கிடைக்காது.

திண்டிவனத்தில் ஓர் அறை போதும். வாளும் பீரங்கியும் வேண்டாம். பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், மங்கிப்போன ஒரு குரூப் போட்டோ. போட்டோவுக்குக் கீழே பெயர், அப்பா பெயர், ஊர். இவை இப்போது யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ கிடக்கின்றன. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அந்தக் காகிதங்களைக் கொளுத்திடாதீங்க.