வாடகை கேட்கும் வாய்

மோனோபொலி விதிகளில் பலரும் படிக்காமல் தாண்டிவிடும் ஒன்று உண்டு. உங்கள் இடத்தில் இன்னொருவர் காய் வந்து நின்றால் வாடகையை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கவனிக்காமல் விட்டு ஆட்டம் நகர்ந்துவிட்டால் போச்சு, அப்புறம் கேட்கமுடியாது.

2017இல் யூபிசாஃப்ட் நின்டெண்டோ ஸ்விட்சுக்குக் கொண்டுவந்த மோனோபொலியில் இதற்கு இடமில்லை. காய் வந்து நிற்கிறது, பணம் தானாகக் கைமாறுகிறது. போன மாதம் இரவு ரயிலில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடினோம். பகடையைக் குலுக்கினால் கைக்குள் உண்மையிலேயே ஏதோ உருள்வதுபோல் அதிர்கிறது. அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்கு வாடகை கேட்பது வெறும் கணக்கு வேலையாகத் தோன்றியிருக்கிறது.

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பேங்கர் நோட்டை உருவமுடியாது. ஒருவர் வாங்காமல் விட்ட இடம் ஏலத்துக்குப் போகவேண்டும் என்பது பழைய விதி. வீடுகளில் அதை யாரும் மதிப்பதில்லை, ஆட்டம் ராத்திரி முழுக்க இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். யந்திரம் ஏலத்தைத் தானே கூட்டிவிடுகிறது. ஆட்டம் சுறுசுறுப்பாக ஓடுகிறது, சரிதான்.

ஆனால் நான் இந்த ஆட்டத்தைக் கற்றது அக்காவிடம். பம்பாய், டெல்லி என்று ஊர்ப்பெயர் போட்ட நம்மூர் 'பிசினஸ்' அட்டையில். கையில் காசில்லாமல் அவள் ஊரில் நான் போய் விழும்போதெல்லாம் அவளுக்குத் திடீரென்று ஜன்னல் பக்கம் வேலை வந்துவிடும். தம்பி டைஸை உருட்டியதும் திரும்பி, "அய்யோ, பாக்கலையேடா" என்பாள். பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். மாமா விழுந்தால் மட்டும் பைசா பாக்கியில்லாமல் கறப்பாள். அந்த வயதில் எங்கள் வீட்டு வாசலிலும் மாதாமாதம் ஒருவர் வாடகை கேட்டு நிற்பார். அம்மாவுக்கு அன்று குரலே எழும்பாது. கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

மோனோபொலிக்கு மூலமான 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' ஆட்டத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கருத்துகளைப் பின்பற்றியவர். நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவன் வாடகையிலேயே எப்படிக் கொழுக்கிறான், மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று ஆடிக்காட்டத்தான் அதைச் செய்தார். பார்க்கர் பிரதர்ஸ் 1935இல் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. பெயரும் காசும் சார்லஸ் டாரோவுக்குப் போயின.

அப்படிப் பார்த்தால் யந்திரம்தான் மேகிக்கு விசுவாசமாக இருக்கிறதோ? தூங்கினாலும் வாடகை சேர்கிறதே! இல்லை என்றுதான் நினைக்கிறேன். அட்டையில் ஆடும்போது வாங்குகிறவன் எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டியாகவேண்டும். அந்தக் கூச்சத்தில்தான் மேகி காட்ட நினைத்தது கொஞ்சமாவது உறைக்கும். திரையில் இருவருமே பொம்மைகளைத்தான் பார்க்கிறோம்.

விழுப்புரத்தில் ஒருவன் டீ வாங்க இறங்கினான். அவன் வருவதற்குள் என் காய் போர்ட்வாக்கில் போய் விழுந்தது. அவன் ஹோட்டல் கட்டியிருந்த இடம், வாடகை 2000. ஏறி வந்தவன் திரையைப் பார்த்து, "எப்படிடா இவ்ளோ ஏறுச்சு?" என்றான். யாரிடமிருந்து என்று கேட்கவில்லை. எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தான்.