மீண்டு வந்தாரா, இங்கேயே இருந்தாரா?

முதிர்ந்த கலைஞர் ஒருவர் நல்ல படைப்பொன்றைத் தந்துவிட்டால், "பழைய நிலைக்கு மீண்டு வந்துவிட்டார்" என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாராட்டுப் போலத் தோன்றும் இத்தொடருக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. இத்தனை காலம் அவர் எங்கோ போய்விட்டிருந்தார் என்பதே அத்தீர்ப்பு. அது நேரிய தீர்ப்புத்தானா என்று சற்று நின்று எண்ணிப் பார்க்க, இளையராஜாவின் 'விடுதலை – பாகம் 1' இசைத்தொகுப்பு நல்லதொரு வாய்ப்பைத் தருகிறது.

வெற்றிமாறன் இயக்கிய அப்படம் 2023 மார்ச் 31 அன்று திரைக்கு வந்தது. ஜெயமோகனின் 'துணைவன்' என்னும் சிறுகதையைத் தழுவியது. அப்போது இளையராஜாவுக்கு வயது 79. பாடல்கள் வெளியான நாள்தொட்டே 'மீண்டு வந்தார்' என்ற குரல் எங்கும் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, கடலுக்கு அப்பாலும் இதே சொல் ஒலித்தது. 1962-இல் இலண்டனில் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ராக் இசைக்குழு, 18 ஆண்டுகளுக்குப் பிறகு தன் சொந்தப் பாடல்களைக் கொண்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்ற புதிய தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவின் பாடகர் மிக் ஜாகரும் கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்சும் 1943-இல் பிறந்தவர்கள். பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்ததும் அதே 1943-இல்தான். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், எண்பதின் வாசலில், ஒரே ஆண்டில், ஒரே பாராட்டைப் பெற்றார்கள்.

முதலில் அச்சொல்லைச் சோதித்துப் பார்ப்போம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளும் திருமண வீடுகளும் இளையராஜாவின் இசையால் நிறைந்திருந்தன. 1992-இல் 'ரோஜா' வழியாக ஏ.ஆர். ரகுமான் வந்தார்; கேட்போரின் செவி வேறு ஒலிகளை நாடிற்று. 'இளையராஜாவின் காலம் முடிந்தது' என்ற பேச்சும் அன்றே தொடங்கிற்று. ஆனால் அதன்பின் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1999-இல் 'சேது'. 2000-இல் 'ஹே ராம்'. 2003-இல் 'பிதாமகன்'. 2005-இல், கத்தோலிக்கக் குரு ஜெகத் கஸ்பரின் முயற்சியால், புடாபெஸ்ட் இசைக்குழுவோடு அமைந்த 'திருவாசகம்'. 2010-இல் 'நந்தலாலா'. 2012-இல் 'நீதானே என் பொன்வசந்தம்'. 2016-இல் வெளியாகி, பின்னணி இசைக்குத் தேசிய விருது பெற்ற 'தாரை தப்பட்டை'. இவற்றுள் பலவும் வந்தபோதெல்லாம் 'ராஜா மீண்டு வந்தார்' என்றே சொன்னோம். இத்தனை முறை மீண்டு வந்தவர் எத்தனை முறை போனார்? எங்கே போனார்?

நமக்கு நன்கு பழகிய உவமை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது வீட்டில் விருந்து நடந்தது. வயலிலிருந்து களைத்து வந்த மூத்தவனோ வாசலில் நின்றான். இளையராஜாவை நாம் ஊதாரி மைந்தனின் இடத்தில் நிறுத்தி விருந்து வைக்கிறோம். அவரோ பெரும்பாலும் மூத்தவனைப் போல வயலிலேயே இருந்தவர். நாள்தோறும் விடியலில் எழுந்து ஒலிப்பதிவுக் கூடம் செல்வதும், இசைக்கோலங்களைத் தாளில் எழுதுவதும் அவர் விடாத தொழில். விலகிச் சென்றவை நம் செவிகளே. ஆகவே மீண்டு வந்ததாகச் சொல்லப்பட வேண்டியவர்கள் நாமாகவும் இருக்கலாம்.

இப்படிச் சொல்வதால், இடைக்காலத்தில் அவர் தந்தவை எல்லாம் பொன் என்று ஆகிவிடாது. அதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். 2000-க்குப் பின் அவர் இசையமைத்த படங்களுள், கேட்டவுடன் மறந்துபோகும் பாடல்களைக் கொண்டவை பல உண்டு. மெட்டு பழகிய தடத்திலேயே ஓடும்; உயிருள்ள வாத்தியங்கள் இருந்த இடத்தில் மின்னணு ஒலி அமர்ந்திருக்கும். பற்றின் மிகுதியால் இதை மறைப்பவர்கள் அவருக்கு நன்மை செய்பவர்கள் அல்லர். எல்லாவற்றையும் புகழ்பவனின் புகழுக்கு விலை ஏது? ஆனால் கை தளர்ந்த கலைஞன் வேறு, தகுந்த பணி வாய்க்காத கலைஞன் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் நாம் தவறுகிறோம்.

'விடுதலை' அவருக்குத் தகுந்த பணியாக அமைந்தது. 'அன்னக்கிளி' வெளிவருவதற்கு ஓராண்டு முன், 1975-இல் பிறந்தவர் வெற்றிமாறன். 'பொல்லாதவன்' முதல் 'அசுரன்' வரை அவருடைய படங்கள் பெரும்பாலானவற்றுக்கு ஜி.வி. பிரகாஷ்குமாரும், 'வட சென்னை'க்குச் சந்தோஷ் நாராயணனும் இசை தந்தார்கள். இளையராஜாவோடு அவர் இணைந்தது 'விடுதலை'யில்தான். மலைக்காட்டில் காவல்துறையின் முகாம்; அடிபடும் ஊர் மக்கள்; அவர்களுக்கு நடுவே மனச்சான்று உறுத்தும் ஓட்டுநர் குமரேசன். இத்தகைய கதையில் பாட்டுக்கு இடம் குறைவு. இடம் குறைந்ததே இசைக்கு நன்மையாயிற்று.

'ஒன்னோட நடந்தா' பாடலை எடுத்துக்கொள்வோம். குமரேசனும் தமிழரசியும் மலைவழியே நடக்கும் காலத்தின் பாட்டு. எழுதியவர் சுகா; பாடியவர்கள் தனுசும் அனன்யா பட்டும். தனுசின் குரல் முறையாகப் பயின்று மெருகேறிய குரல் அன்று. பேச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும் குரல். பாலசுப்பிரமணியத்தையும் ஜேசுதாசையும் பாடவைத்த இசையமைப்பாளர் இக்குரலை ஏன் ஏற்றார்? காரணம் கதையில் இருக்கிறது. குமரேசன் நாயகத் தோரணை அறியாதவன். வாய் திறக்கவே தயங்குபவன். அவனுக்குத் தேர்ந்த பாடகரின் குரலை ஏற்றினால் அவன் பொய்யாகிவிடுவான். மெட்டும் அதற்கு இசைந்து, உயரங்களை எட்டிப் பிடிக்க முயலாமல், மூச்சு வாங்காத நடையில் செல்கிறது. அனன்யாவின் குரல் வந்து சேரும்போதுதான் பாட்டு சற்றே அகலமாகிறது. இருவர் நடக்கத் தொடங்கியபின் ஒற்றையடிப் பாதை விரிவதுபோல் இருக்கிறது. தந்திக் கருவிகள் பின்னால் நின்று வழிவிடுகின்றன. அவர் 1980-களில் பல பாடல்களின் இடையிசையில் செய்துகாட்டிய வித்தைகளை இங்கே எதிர்பார்த்தவர்கள் ஏமாறலாம். வல்லவர் ஒருவர் தம் வல்லமையை அடக்கிக்கொள்வதைக் கேட்பது அதனினும் அரிய இன்பம்.

'காட்டுமல்லி' பாடலில் அனன்யாவுடன் இளையராஜாவே பாடுகிறார். 1977-இல் '16 வயதினிலே' படத்துக்காக அவர் பாடிய 'சோளம் வெதக்கையிலே' பாடலை நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். 46 ஆண்டுகள் ஒரு குரலை என்ன செய்கின்றன என்பது விளங்கும். விளிம்புகள் தேய்ந்திருக்கின்றன, நீண்ட சுரங்களில் மெல்லிய நடுக்கம் தெரிகிறது. அதை மறைக்க அவர் முயலவில்லை. இளைஞன் ஒருவனின் காதலை முதியவரின் குரல் பாடும்போது, அக்காதல் அன்றைக்கு நிகழ்வதாகத் தோன்றாமல், எவரோ நெடுநாள் கழித்து நினைத்துப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. வன்முறை சூழ்ந்த அக்கதையில், இது நிலைக்குமோ என்ற அச்சத்தையும் அக்குரல் சேர்த்துத் தருகிறது. இருபது வயதுக் குரலால் இதைச் செய்திருக்க இயலாது. முதுமை இங்கே குறையாக நிற்கவில்லை; கருவியாகவே பயன்படுகிறது.

குறையே இல்லையா எனின், உண்டு. பின்னணி இசை சில இடங்களில் காட்சி சொல்லி முடித்ததை மீண்டும் சொல்கிறது. மக்கள் அடிபடும் காட்சிகளில் நடிகர்களின் முகமே போதுமானதாக இருக்க, வயலின்கள் எழுந்து நம்மை அழச் சொல்கின்றன. 'உதிரிப்பூக்கள்' படத்தில், 1979-இலேயே, மகேந்திரனோடு சேர்ந்து மௌனத்தின் வலிமையைத் தமிழ்த் திரைக்குக் காட்டியவர் இவர். அந்த மௌனத்தை இப்படம் இன்னும் சில இடங்களில் பெற்றிருக்கலாம். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்துக்கும் இதே கருத்துப் பொருந்தும்.

இனி ஆங்கிலேயக் குழுவுக்கு வருவோம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் தாளக் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021-இல் இறந்தார். 1963 முதல் அக்குழுவின் நாடித்துடிப்பு அவரே. அவர் முன்பே வாசித்து வைத்திருந்த தாளம், புதிய தொகுப்பின் இரு பாடல்களில் ஒலிக்கிறது. தொகுப்பைத் தயாரித்த ஆண்ட்ரூ வாட், ஜாகரின் பேரன் வயதினர் எனலாம். பெரும்பாலான பாடல்களில், 'எங்களால் இன்னும் முடியும்' என்று மெய்ப்பிக்கும் முனைப்பு தெரிகிறது. அதில் கிளர்ச்சி உண்டு; சிறிது பதற்றமும் உண்டு. கடைசிப் பாடலில்தான் அப்பதற்றம் நீங்குகிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மடி வாட்டர்ஸ் 1950-இல் பதிவு செய்த பாடலிலிருந்தே அக்குழு தன் பெயரை எடுத்தது. அதே பாடலை, வேறு எவரும் இன்றி, ஜாகரும் ரிச்சர்ட்சும் மட்டும் இசைக்கிறார்கள். அறுபது ஆண்டுப் புகழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கற்றுக்கொள்ளத் தொடங்கிய இடத்தில் போய் அமர்கிறார்கள். இளைஞரைப்போல் காட்டிக்கொள்வதை விட்டபோதுதான் அவர்களும் தங்கள் உயரத்தைத் தொட்டார்கள்.

இரண்டிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. முதியவரின் எதிரே ஓர் இளையவர் அமர்ந்திருந்தார். இதை விளக்க எங்கள் காஞ்சிபுரத்துத் தறியே போதும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். அதைத் தனியொருவர் நெய்வது கடினம். நெசவாளர் தறியில் அமர்ந்திருக்க, மறுபக்கக் கரையின் நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொருவர் உடன் இருப்பார். உடலும் கரையும் ஊடையால் பின்னிக்கொள்ளும் அந்த இடம்தான் சேலையின் உறுதி. கைதேர்ந்த முதியவராயினும் மறுபக்கத்துக் கை இல்லையேல் கோர்வை விழாது. அப்போது 'கிழவருக்குக் கை போய்விட்டது' என்பவர்கள் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்க்கத் தவறியவர்கள். வெற்றிமாறன் அந்த இடத்தில் வந்து அமர்ந்தார். தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டா என்பதைத் தெளிவாக அறிந்த ஒருவர் எதிரே இருந்ததால் இசையும் தெளிந்தது.

இது திரையிசையோடு முடிகிற செய்தி அன்று. முதியவர்களை நாம் இரண்டு வகையில் ஒதுக்குகிறோம். 'இனி இவரால் ஆகாது' என்று பணி கொடாமல் விடுவது ஒன்று. அது கொடிது என்பது எல்லார்க்கும் தெரியும். மற்றது அன்பின் உருவில் வருவது: 'அன்று செய்ததையே மறுபடி செய்யுங்கள்' என்று கேட்பது. பழைய சேலையைக் கொண்டுவந்து, இதைப் போலவே ஒன்று வேண்டும் என்று மட்டும் முதிய நெசவாளரிடம் கேட்பவர், அவருடைய நேற்றைய கைக்குத்தான் கூலி கொடுக்கிறார். இன்றைய மனத்தில் ஓடும் புதிய கோலம் என்ன என்று கேட்பதில்லை. இளையராஜாவின் மேடைகளில் நாம் இதைத்தான் செய்கிறோம். ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்தவரிடம், நம் இளமையோடு ஒட்டிய சிலவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக் கைதட்டுகிறோம். அப்படிக் கேட்கும்போது அவரைப் பாராட்டுகிறோமா, நம் கடந்த காலத்தைப் பாராட்டிக்கொள்கிறோமா?

அவரோ நின்றுவிடவில்லை. 1993-இல் அவர் எழுதி இலண்டனில் பதிவான சிம்பொனி மக்களிடம் வந்து சேராமலே போயிற்று. 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மார்ச் 8 அன்று, தம் 81-ஆம் வயதில், 'வேலியண்ட்' என்னும் புதிய சிம்பொனியை அதே இலண்டன் மாநகரின் அப்பல்லோ அரங்கில் அரங்கேற்றினார். அதன் இசைத்தகுதியை மேலைச் செவ்வியல் பயின்றோர் ஆய்ந்து உரைக்கட்டும். எண்பதைக் கடந்த ஒருவர், ஊரார் கேட்காத ஒன்றைத் தாமே தமக்கு இட்ட பணியாக ஏற்று முடித்தார் என்பது எவருக்கும் விளங்கக்கூடியது.

எனவே 'விடுதலை'ப் பாடல்களைக் கேட்க அமரும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. 'அந்தக் காலத்து ராஜா'வை அவற்றில் தேடாதீர்கள். தேடினால் அவருடைய நிழல்தான் அகப்படும். 79 வயதில், தேய்ந்த குரலோடும் தேயாத செவியோடும், தமக்கு இடப்பட்ட சிறிய இடத்துக்குள் அளவோடு வேலை செய்யும் ஒருவரைக் கேளுங்கள். அவர் எங்கிருந்தும் மீண்டு வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டேயிருந்த வீட்டுக்கு நாம்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறோம்.